மரக் கழுகும் குடோன் நாற்காலியும்

லோதரின் முதல் குண்டுக்கே கழுகின் வலது இறக்கை கழன்று, காற்றில் சுற்றிச் சுற்றி வந்து, பொத்தென்று புல்லில் விழுந்தது. ஊரே கைதட்டியது. லோதர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் குறி பார்த்தது கழுகை அல்ல. கழுகுக்கு இடப்பக்கம் இருந்த வெற்றிடத்தை.

"மாப்ளே, என்ன காரியம் பண்ணிட்ட!" என்று காதில் கிசுகிசுத்தான் உடோ. மில்லில் லோதருக்குப் பக்கத்து ரம்பக்காரன். "முதலாளி மூஞ்சியப் பாரு, பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சு."

"நான் தப்பாத்தான்டா சுட்டேன்!"

"தப்பா சுட்டா இறக்கை எப்படி விழும்?"

அதுதான் லோதருக்கும் புரியவில்லை.

வருஷா வருஷம் ஜூலை மாதம் ஊல்டென்பாக்கில் நடக்கிற திருவிழா இது. உயரமான கம்பத்தின் உச்சியில் ஒரு பலகைப் பெட்டி. பெட்டிக்குள் மரத்தில் செதுக்கிய கழுகு. கீழே, மண்ணில் ஊன்றிய கவட்டில் ஒரே ஒரு துப்பாக்கி. ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் பச்சைக் கோட்டு மாட்டிய அத்தனை பேரும் பேர் கூப்பிடக் கூப்பிட வந்து சுட்டாக வேண்டும். கழுகின் கடைசித் துண்டை எவர் வீழ்த்துகிறாரோ அவர்தான் அடுத்த ஜூலை வரை ராஜா. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, சிம்மாசனம், பக்கத்தில் ராணியாகப் பெண்டாட்டி, முன்னால் பேண்டு வாத்தியம்.

இந்த வருஷம் யார் ராஜா என்பது ஈஸ்டருக்கு முன்பே முடிவாகிவிட்டது. சங்கத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு. எனவே சங்கத் தலைவர் எங்கல்பெர்ட்தான் ராஜா. முடிவு செய்தவரும் எங்கல்பெர்ட்தான்.

எங்கல்பெர்ட் ஊரின் ஒரே மரம் அறுக்கும் மில்லுக்கு முதலாளி. ஜில்லாவிலேயே தலைசிறந்த வேட்டைக்காரர் என்று அவர் வாயாலேயே பல முறை கேட்டிருக்கிறோம். மில் மாமனாருடையது. ஆபீஸ் சுவர் கொள்ளாமல் மாட்டியிருந்த மான் கொம்புகள் மாமனார் சுட்டவை. கவட்டில் ஏற்றியிருந்த துப்பாக்கியும் மாமனாருடையதே. தொப்பை ஒன்றுதான் அவருடைய சுய சம்பாத்தியம். ஒரு காட்டுப்பன்றியை அவர் சொந்தமாகச் சுட்டதாகக் கேள்வி. முதல் தடவை சொன்னபோது அது குட்டி. சொல்லச் சொல்ல வளர்ந்து, இப்போது மாட்டு வண்டி அளவுக்கு வந்திருந்தது.

லோதருக்கு ராஜா பதவியில் ஆசை கிடையாது. அவருடைய ஆசையெல்லாம் ஒரு நாற்காலி. குடோன் மேற்பார்வையாளர் உட்காரும் நாற்காலி. அதற்குச் சாய்மானம் உண்டு. சுழலும். பக்கத்தில் ஒரு ஹீட்டர். காலமெல்லாம் ரம்பத்துக்கு முன்னால் நின்று இடுப்பு கழன்றுபோன மனிதருக்கு இதைவிட சொர்க்கம் எது? பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றாயிற்று. "திங்கட்கிழமை சாவி உன் கையில" என்று எங்கல்பெர்ட் சொல்லியிருந்தார். "ஆனா சனிக்கிழமை திருவிழால கொஞ்சம் பாத்து நடந்துக்கோ. என்ன, புரியுதா?"

புரியாமலென்ன. போதாக்குறைக்கு, காலையில் ஊர்வலம் கிளம்பும்போது முதலாளியம்மா ரோஸ்வித்தாவே ஒரு துண்டு பிளம் கேக்கைக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "லோதர், அவருக்கு இன்னிக்கு ரொம்ப ஆசை. நீங்க இடது பக்கமாவே சுடுங்க. வலது பக்கம் வேண்டாம், பேண்டுக்காரங்க நிக்கிறாங்க, பயந்துப்பாங்க."

"நீங்க சொல்லணுமாம்மா? இடது பக்கம்தான்."

சொன்னபடியேதான் சுட்டார். விழுந்தது வலது இறக்கை.

இன்னொரு விந்தையும் நடந்தது. ஊரின் நல்ல குறிகாரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கழுகின் நெஞ்சைப் பார்த்துச் சுட்டார்கள். ஒன்றும் விழவில்லை. பெட்டியின் வலப்புறப் பலகை மட்டும் சல்லடையாகிக்கொண்டே போனது. அந்தி இருட்டில் ஓடுகிற நரியை அடிக்கிற பேக்கரிக்காரர் தவறவிட்டு, "காத்து" என்றார். ஒரு இலைகூட அசையவில்லை. வனக்காவலர் தவறவிட்டு, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கல்பெர்ட் நெஞ்சை நிமிர்த்தி வந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, விசையை இழுத்தார். வலப்புறப் பலகையில் இன்னொரு ஓட்டை.

"சும்மா கை பழக்கினேன்" என்றார்.

"துப்பாக்கியில ஏதாவது கோளாறு..." என்று உடோ ஆரம்பித்தான்.

"யாரது? என் துப்பாக்கியையா சொல்ற? சிங்கம் மாதிரி துப்பாக்கிய்யா அது! சுடத் தெரியாதவன்தான் துப்பாக்கியைக் குத்தம் சொல்லுவான்."

அதற்குமேல் யார் வாயைத் திறப்பார்கள்? கூட்டத்தில் பாதிப் பேர் மில்லில் வேலை செய்பவர்கள், மீதிப் பேர் அவர்களுடைய மச்சான்கள். வலப்புறப் பலகையை எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் காற்றைக் குறை சொன்னார்கள்.

லோதரின் முறை மறுபடி வந்தது.

"இன்னும் இடது பக்கம் தள்ளிப் போ" என்றான் உடோ. "பெட்டி ஓரத்தையே பாத்துச் சுடு. கழுகு இருக்கிற திசைக்கே கும்பிடு போட்டுடு."

லோதர் துப்பாக்கியைத் திருப்பினார். பெட்டியின் இடது விளிம்பு. அதற்குமேல் திருப்பினால் ஆகாயம்தான். கண்ணை இறுக்கி விசையை இழுத்தார்.

இடது இறக்கை விழுந்தது.

பேண்டுக்காரர்கள் உற்சாகமாகி ஒரு மெட்டு வாசித்தார்கள். யாரோ லோதரின் கையில் பீர் கோப்பையைத் திணித்தார்கள். பெண்கள் வரிசையில் நின்ற ஹெட்விக், லோதரின் மனைவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு ஈயை அடிச்சிருக்கீங்களா? இன்னிக்குன்னு பாத்தா வீரம் வரணும்?"

"நான் என்னடி பண்ணுவேன்? கழுகு தானா வந்து குண்டுல மாட்டுது!"

"நாற்காலி போச்சுன்னா ராத்திரி இடுப்புக்குத் தைலம் தேய்க்கச் சொல்லி என்கிட்ட வராதீங்க, சொல்லிட்டேன்."

அவள் நகர்ந்ததும் ஒரு கனத்த கை லோதரின் தோளில் விழுந்து, அவரை அப்படியே சாசேஜ் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது.

"யோவ் லோதர்" என்றார் எங்கல்பெர்ட். மீசை துடித்தது. "ராஜா ஆகப் பாக்கிறியா?"

"ஐயையோ முதலாளி! சத்தியமா இல்ல! நான் தள்ளித்தான் சுடறேன்."

"எங்க தள்ளி?"

"இடது பக்கம்."

"தள்ளிச் சுடவும் ஒரு திறமை வேணும்யா. ஒழுங்காத் தவறவிடக்கூடத் தெரியல உனக்கு. கேளு. பன்றியை நான் எப்படி அடிச்சேன்?"

"சொல்லியிருக்கீங்க முதலாளி."

"திருப்பிச் சொல்றேன். ஒரு புள்ளி. ஒரே புள்ளியைப் பாக்கணும். கழுகுக்கு இடப்பக்கம், பின்பலகையில ஒரு பெரிய ஆணி தெரியுது, பாரு. தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப கழுகுக்கு இறக்கையே கிடையாது. வெறும் உடம்பு, வெள்ளரிக்காய் மாதிரி நிக்குது. நீ அந்த ஆணியைச் சுடு. ஆணிக்கும் கழுகுக்கும் நடுவுல ஒரு குதிரையே போகலாம். குருடன்கூடத் தவறவிடுவான். நீ சுட்டதும் அடுத்து என் முறை. நான் முடிச்சிடறேன். திங்கட்கிழமை சாவி. இல்லேன்னா..."

சாசேஜ் கடைக்காரர் இரண்டு சாசேஜைப் புரட்டினார். அவை சீறின.

லோதர் கவட்டுக்கு வந்தார். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு சிரத்தையாகப் பார்த்ததில்லை; கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட. ஆணி. துருப்பிடித்த, கோணல் தலை ஆணி. கையில் நடுக்கமில்லை, மூச்சில் சத்தமில்லை. ஆணியின் தலைமேல், குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருக்கும் குறிமுள் வந்து உட்கார்ந்தது.

வெடித்தது.

கழுகின் உடம்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு முன்னால் சாய்ந்து, கம்பத்தில் இரண்டு தரம் இடித்து, எங்கல்பெர்ட்டின் பளபளத்த பூட்ஸுக்கு முன்னால் வந்து விழுந்தது.

அதன் பிறகு நடந்தவற்றில் லோதருக்குப் பங்கு எதுவும் இல்லை. தூக்கினார்கள். தோளில் வைத்து ஆடினார்கள். "ராஜா வாழ்க!" என்று, அதுவரை காற்றைக் குறை சொன்ன அத்தனை பேரும் கத்தினார்கள். எங்கல்பெர்ட் வந்து கை கொடுத்தார். விரல் எலும்புகள் நொறுங்கின.

"திங்கட்கிழமை பேசுவோம்" என்றார்.

லோதர் சங்கச் செயலாளரிடம் ஓடினார். "சார், நான் ராஜினாமா பண்றேன்."

"செத்தாத்தான் ராஜா விலக முடியும்" என்றார் செயலாளர். "அதுவும் ஊர்வலம் முடிஞ்சப்புறம்தான் சாகணும்."

சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். எங்கல்பெர்ட்டின் தொப்பைக்குப் பொருந்தும்படி புதிதாக வளையங்கள் கோத்திருந்ததால், அது லோதரின் முழங்காலில் வந்து தட்டியது. நடக்க நடக்க மாட்டு மணி மாதிரி சத்தம். ராணிக்காகத் தைத்திருந்த மயில் பச்சை உடுப்பை ரோஸ்வித்தா தானே பையில் கொண்டுவந்து ஹெட்விக்கிடம் கொடுத்தாள். முதலாளியம்மா தேக்கு மரம் மாதிரி ஓங்கிய உருவம், ஹெட்விக் சிட்டுக்குருவி. ஆனால் போட்டுப் பார்த்தால், அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"என்னமோ போங்க" என்றாள் ஹெட்விக், கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி. கோபம் பாதி இறங்கியிருந்தது.

லோதருக்கு இறங்கவில்லை. முதலாளியை எப்படியாவது குளிர்விக்க வேண்டும். கூடாரத்தில் ராஜா உரையாற்ற வேண்டிய நேரம் வந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ராஜாவாகப் பேச எங்கல்பெர்ட் முன்கூட்டியே எழுதி மைக் பக்கத்தில் வைத்திருந்த தாளைக் கையில் எடுத்தார்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றார் மைக்கில். "முதலாளி எழுதி வச்ச உரையையே, அவருக்கு மரியாதையா, ஒரு எழுத்து மாறாம படிக்கிறேன்."

எங்கல்பெர்ட் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். லோதர் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்.

"'அன்பார்ந்த குடிமக்களே! பிறவி வேட்டைக்காரனான என்னைத் தவிர இந்த வெற்றி வேறு யாரை வந்து சேரும்?'"

கூடாரத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. லோதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"'என் ஆண்மை ததும்பும் இந்தத் தோற்றத்தைக் கண்டு...'" முழங்காலில் சங்கிலி கிணுகிணுத்தது. மேஜைகள் அதிர்ந்தன. "'...என் மில்லில் என் தயவில் பிழைக்கும் சோம்பேறிகள்கூட இன்று பெருமை கொள்ளலாம்!'"

பேக்கரிக்காரர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்தார். மில்காரர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். முதலாளியை இப்படிக் கிழிக்க இந்த ஊரில் இதுவரை ஒருவனுக்கும் துணிச்சல் வந்ததில்லை என்றார்கள். லோதர் திகைத்துப் போய் முதலாளியைத் தேடினார். எங்கல்பெர்ட் எழுந்து, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். தொப்பியிலிருந்த காட்டுப்பன்றி ரோமக் குஞ்சம் ஆடி ஆடிப் போனது.

சிம்மாசனத்தில் உட்கார்ந்தார் லோதர். அதற்குச் சாய்மானம் இருந்தது. ஆனால் சுழலவில்லை. அவருக்கு அழுகை வந்தது.

முதல் நடனம் ராணியோடு. இரண்டாவது நடனம் தலைவரின் மனைவியோடு. அது சங்கத்து வழக்கம். ரோஸ்வித்தா கையை நீட்டினாள். லோதர் அவள் தோளுயரம்தான் இருந்தார். சங்கிலி இருவர் முழங்காலிலும் மாற்றி மாற்றி இடித்தது.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார் லோதர். "நீங்க சொன்ன மாதிரி இடது பக்கமாத்தான் சுட்டேன். மூணு தடவையும். எப்படி விழுந்துச்சுன்னு எனக்கே தெரியல. முதலாளி இனிமே சாவி தர மாட்டாரு."

"அவர் எப்படித் தருவார்? மில் எங்கப்பா என் பேர்ல எழுதி வச்சது" என்ற ரோஸ்வித்தா, நடனத்தை நிறுத்தாமலே அவர் கோட்டுப் பைக்குள் எதையோ போட்டாள். கனமாக இருந்தது. துழாவினார். குடோன் சாவி.

"ஆனா... ஏம்மா?"

"ஒரு மாசமா நிலைக்கண்ணாடி முன்னால நின்னு ஊருக்குக் கையசைச்சுப் பழகறார், லோதர். நான் மூணடி பின்னால வரணுமாம். வீட்ல இருக்கிற ராஜாவையே தாங்க முடியல" என்றாள் அவள், பேண்டு வாத்தியத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு. "இடது பக்கம் சுடுன்னு சொன்னா இடது பக்கமே சுடற ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். அதை நம்பித்தான் நேத்து எங்கப்பா துப்பாக்கியோட குறிமுள்ளைச் சுத்தியலால ஒரு தட்டு தட்டி வச்சேன்."