பல்லியண்ணன் தூக்கிய வால்

செய்த தப்புக்குப் போஸ்டர் அடித்து ஒட்டிய ஒரே ஆள், மதுரை வரலாற்றிலேயே எங்கள் பல்லியண்ணன்தான்.

கோச்சடையில் எனக்கு எதிர்வீடு. ஜவுளிக்கடையில் பில் போடுவது பிழைப்பு, டைனோசர் வரைவது உயிர்; பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். வீட்டுச் சுவரெல்லாம் தீர்ந்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் தீர்ந்த பிறகு, தெருமுனை நர்சரிப் பள்ளியில் தெரியாத்தனமாகக் காம்பவுண்டுச் சுவரைக் கொடுத்துவிட்டார்கள். கேட்டிலிருந்து கடைசித் தூண் வரை ஒரே டைனோசர். அதில் பாதி வால். நாகமலைப் பக்கம் ஏதோ உடும்பைப் பார்த்துவிட்டு வந்து, வாலைத் தரையோடு தரையாகப் போட்டிருந்தார். காலையில் பிள்ளைகள் அந்த வாலையொட்டித்தான் வரிசையாக நிற்பார்கள், என் மகளும் சேர்த்து.

ஒருநாள் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்தவர், பேயறைந்த மாதிரி என் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, அது வாலைத் தரையில இழுக்காதாம்டா. பின்னாடி நேராத் தூக்கிக்கிட்டுத்தான் நடக்குமாம்."

"விடுங்கண்ணே. அது வந்து கேக்கவா போகுது?"

"இம்புட்டுப் பிள்ளைக பாக்குதே. வெக்கமா இருக்குடா."

அன்றிலிருந்து மனிதர் அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. வைகைக் கரையைச் சுற்றி வேலைக்குப் போனார். பிள்ளைகள் எதிரே வந்தால், கொளுத்துகிற பங்குனி வெயிலில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தப் போஸ்டர். காதுகுத்துக்கே போஸ்டர் ஒட்டுகிற ஊரில், மன்னிப்புக் கேட்கவும் அதுதான் முறை என்று நினைத்துவிட்டார். 'வருந்துகிறேன்' என்று எழுதி, போட்டோவும் கொடுத்தார். வருத்தம் என்றாலே அச்சகத்தில் ஒரே பழக்கம்தானே? போட்டோவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு, இரண்டு குத்துவிளக்கையும் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டியும்விட்டார்கள். மறுநாள் ஜவுளிக்கடை முதலாளி மாலையோடு வந்தார். கதவைத் திறந்தது பல்லியண்ணன்.

"யாருக்கு மொதலாளி மாலை?"

"உனக்குத்தான்யா."

பக்கத்தில் நின்ற எனக்கு மானமே போய்விட்டது. இனி பொறுக்க முடியாதென்று நானே போய்ப் பள்ளி மிஸ்ஸிடம் பேசினேன். வாலைத் தூக்கிவிட்டால் பிள்ளைகளை எதையொட்டி நிறுத்துவது என்று அவர் கேட்டார். நியாயம்தான். ஆனாலும் அண்ணனுக்காகச் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை வால் மேலே ஏறியது.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து வாலைத் தேடினார்கள். ஒரே தள்ளுமுள்ளு. என் மகள் அழுதேவிட்டாள். எதிர்ப்பக்கம் நின்றிருந்த அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது.

"சரியா வரைஞ்சாலும் தப்பாப் போகுதே மாப்ள."

கொஞ்ச நேரம் வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்கு ஓடிப் பெயின்ட் டப்பாவோடு வந்து, சுவரடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தூக்கிய வாலுக்கு நேர் கீழே, சிமென்ட் தரையில், சாம்பல் நிறத்தில் நீளமாக அதன் நிழலை வரைந்தார்.

மறுநாள் பிள்ளைகள் நிழலையொட்டி வரிசையாக நின்றார்கள். அண்ணனும் குடையில்லாமல் அந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போனார்.

இன்றைக்கும் மகளைப் பள்ளியில் விடப் போகும்போது, அந்த நிழல்மேல் என் வண்டிச் சக்கரம் ஏறிவிடாமல் ஒதுக்கித்தான் நிறுத்துகிறேன்.