வாடகை நாயுடுவும் கோத்தகிரி காட்டேஜும்

நீலகிரியில் இருக்கும் எந்த வீட்டுக்கும் மே மாத வாடகை எவ்வளவு என்பது வீட்டுக்காரருக்கே மறந்துபோனால், அவர் எங்கள் வாடகை நாயுடுவிடம்தான் வந்து கேட்க வேண்டும். வேறு ஆள் கிடையாது.

ஐம்பதுகளில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பஞ்சாலை ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். நாயுடு அங்கே ஸ்டோர்ஸ் குமாஸ்தா. பாபின், பெல்ட், எண்ணெய் டின் எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் வாடகை நாயுடு.

முதலாளி புது பங்களா கட்டி கிரகப்பிரவேசம் நடத்தியபோது ஆபீஸ் மொத்தமும் போயிருந்தோம். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நாயுடு கையைக் கட்டிக்கொண்டு முதலாளியிடமே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, இதை சீசனுக்கு மட்டும் உட்டா, மாசம் எவ்வளவுங்க வாங்கலாம்?"

மானேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலாளி நல்ல மனுஷர். "நீங்க வாறதா இருந்தா பாதி வாடகைங்க நாயுடு" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். நாயுடு சிரிக்கவில்லை. "இங்க காத்து பத்தாதுங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அவருக்கு வேண்டியது மலைக்காற்று. வருஷா வருஷம் தை பிறந்ததும் குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று காட்டேஜ்காரர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்குவார். மனைவி, மகள், தான், மூன்று பேர், ஒரு மாதம். வாடகை என்ன, விறகு அதில் சேர்த்தியா, பாத்திரம் உண்டா, மெத்தை எத்தனை, வெந்நீர் எத்தனை பக்கெட். பதில்கள் வரும். சித்திரை வரும். நாயுடு போகமாட்டார். அடுத்த தையில் மறுபடி கடிதம்.

ஒருமுறை எங்கள் ஹெட் கிளார்க் கல்யாணமான புதிதில் குன்னூர் போக நினைத்து நாயுடுவிடம் யோசனை கேட்டார். நாயுடு ஒரு வீட்டைச் சொன்னார். பின்னறை ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, கயிறு கொண்டுபோங்க. தோட்டக்காரன் முன்னாடியே இனாம் கேட்பான், கடைசி நாள் தாரேன்னு சொல்லிப்போடுங்க. இப்படிப் பத்து விஷயம். ஹெட் கிளார்க் திரும்பி வந்து அசந்துபோய்ச் சொன்னார், பத்தும் அப்படியே இருந்ததாம்.

"நீங்க எந்த வருஷம் அங்க தங்கினீங்க நாயுடு?"

"நான் எங்கீங்க தங்கினேன்? லெட்டர்லதானுங்க இருந்துட்டு வந்தேன்."

ஒரு பங்குனியில் அவர் வீட்டில் ஒத்திகையே நடந்தது. ஏதோ ஒரு காட்டேஜில் ஆளுக்கு ஒரு பக்கெட் வெந்நீர்தான் இலவசம், இரண்டாவது பக்கெட்டுக்கு இரண்டணா என்று எழுதியிருந்தார்கள். உடனே நாயுடு வீட்டில் ஒரு வாரம் எல்லோரும் ஆளுக்கு ஒரே பக்கெட்டில் குளித்துப் பழகினார்கள். நான் அவர் வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, வெளியே வெயில் தார் உருகுகிற மாதிரி காய, மகள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பூரிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நாயுடுவின் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நாயுடு தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆபீசில் எல்லோரும் அவரைக் கஞ்சன் என்றுதான் சொல்வார்கள். வாடகையைக் கேட்டுக் கேட்டே குளிர்காய்கிற ஆள் என்பார் ஹெட் கிளார்க். நாயுடு மறுக்கவே மாட்டார். "ஆமாங்க, கட்டுபடி ஆகமாட்டேங்குதுங்க" என்று போய்விடுவார்.

உண்மை எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் இங்கிலீஷ் தெரிந்த காட்டேஜ்காரர்களுக்கு அவர் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்தவன் நான். விவரமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வீடு கேட்டு எழுதுகிற கடிதம் எல்லாவற்றிலும் கடைசிப் பத்தி ஒன்று உண்டு. "என் மனைவிக்குக் காசநோய் இருந்தது. இரண்டு வருட மருந்தில் நின்றுவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உடம்பு தேற மலைக்காற்று வேண்டும் என்கிறார்." அவ்வளவுதான். அந்தப் பத்தி போன இடத்திலிருந்தெல்லாம் ஒரே பதில் வந்தது: வருந்துகிறோம், வீடு ஏற்கெனவே விடப்பட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் அந்த நோயின் பேர் சொன்னாலே தெருவில் கதவு சாத்துவார்கள். அதனால் நாயுடு என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

"ஆபீசுல மூச்சு உடாத கண்ணு. கஞ்சன்னு பேர் இருந்தா என்ற புள்ளைக்கு மாப்பிள்ளை வருவான். சீக்கு இருந்த ஊடுன்னா வரமாட்டான்."

"அப்ப காட்டேஜ்காரங்களுக்கு மட்டும் ஏனுங்க எழுதோணும்? இப்பத்தான் ஒட்டாதே."

"அவங்க கட்டில்ல படுக்கப் போறமல்ல. அவங்களுக்குச் சொல்லோணுமல்ல."

நான் கடிதம் அடிக்கத் தொடங்கிய நான்காவது வருஷம் நாயுடுவின் மனைவி ரொம்ப இளைத்துப் போயிருந்தார். கோத்தகிரியில் ஒரு காட்டேஜ், மாதம் எழுபத்தைந்து ரூபாய் என்று யாரோ சொல்ல, நாயுடு வழக்கம்போல என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். சொன்னார். அடித்தேன். கடைசிப் பத்தியை அவர் சொன்னபோது என் விரல்கள் தட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நான் அடித்தது வேறு. விறகைப் பற்றியும் பாத்திரத்தைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்தேன். கடிதம் பார்க்க அதே நீளத்தில் இருந்தது. இங்கிலீஷ் தெரியாத நாயுடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஒரே வாரத்தில் பதில் வந்தது. வீடு தருகிறோம், வரலாம். எழுதியவர் ரிட்டயரான ஓர் இன்ஜினீயரின் மனைவி.

நான் படித்துச் சொல்லச் சொல்ல, நாயுடு மூன்று தடவை திருப்பிப் படிக்கச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பாத்தியா கண்ணு, அத்தனையும் தெரிஞ்சும் வாங்கன்னு எழுதியிருக்காங்க. ஒலகத்துல நல்லவங்களும் இருக்கத்தான் இருக்காங்க."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயது; பஸ் நேரம் விசாரித்து வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

நாயுடு கிளம்பியது ஆபீசில் திருவிழாவாகிவிட்டது. போகவே மாட்டார் என்று பந்தயம் கட்டியிருந்த ஹெட் கிளார்க் தோற்றுப்போய் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித் தந்தார். நான் பஸ் ஏற்றிவிடப் போனேன். படுக்கை மூட்டை, டிரங்குப் பெட்டி, அரிசி, பருப்பு, அந்தக் கம்பளித் தொப்பிகள். ஜன்னலோரம் உட்கார்ந்த அந்த அம்மாள், "வாரேன் தம்பி, ஒரு நாள் நீங்களும் வாங்க" என்றார்.

ஐந்தாவது நாள் காலையில் நாயுடு ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க நாயுடு, அதுக்குள்ள வாடகை கசந்துபோச்சுங்களா?" என்றார் ஹெட் கிளார்க்.

"ஆமாங்க. மூணு நாளைக்கு மேல கட்டுபடி ஆகலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மத்தியானம் ஸ்டோர்ஸுக்குப் போனேன். ஓர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கார அம்மாள் சௌகரியமெல்லாம் எப்படி என்று பார்க்க வந்திருக்கிறார். நாயுடு எழுந்து நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டிருக்கிறார். "காசம் வந்த ஒடம்புன்னு தெரிஞ்சும் ஊடு குடுத்தீங்களே தாயி, உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கோணும்."

"என்ன காசம்?" என்றிருக்கிறார் வீட்டுக்கார அம்மாள்.

போய்க் கடிதத்தை எடுத்து வந்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினாராம். விறகு இருந்தது. பாத்திரம் இருந்தது. அது இல்லை.

"நாந்தானுங்க எழுத மறந்துபோட்டேன்" என்று சொல்லிவிட்டார் நாயுடு. டாக்டர் சீட்டை நீட்டியும் வீட்டுக்கார அம்மாள் தொடவில்லை. கெட்டவரில்லை, வீட்டில் கைக்குழந்தையாகப் பேரன் இருக்கிறான் என்று அவரும் அழுதாராம். வாடகையை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை இவர்கள் மூட்டையோடு கேட்டருகே நிற்கும்போது, கொல்லையில் இவர்கள் படுத்த மெத்தைகளைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மூன்று மெத்தைக்கும் நாயுடு வலுக்கட்டாயமாகப் பணம் வைத்துவிட்டு வந்தார். மாத வாடகையைவிட அது அதிகம். மெத்தையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் என்னைப் பார்க்காமல் பாபின் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான்தானுங்க அந்தப் பத்தியை அடிக்கலை" என்றேன்.

"தெரியும் கண்ணு. நீ எழுதியிருந்தா அங்க போயே இருக்க மாட்டம். எழுதாததுனால எந்திரிச்சு வந்தம். ரெண்டுல எது தேவலைன்னு பஸ்ஸுல பூராம் யோசிச்சேன். எனக்குத் தெரியல. என்ற ஊட்டு அம்மணியக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்தத் தம்பிய ஒண்ணும் சொல்லிப்போடாதீங்கன்னா." நாயுடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாம் நாள் காலையில தெம்பா நடந்தா கண்ணு. வாசப்படியில இருந்து கேட்டு வரைக்கும். ஒரு இருமல் இல்ல. வந்து, இன்னொரு தோசை போடுன்னு புள்ளைகிட்டக் கேட்டா." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆனா இனிமே என்ற பேர்ல காயிதம் எழுதினா, நாஞ் சொன்னதத்தான் எழுதோணும்."

மறுபடி எழுத வேண்டி வரவில்லை. அந்த மழைக்காலத்தில் நோய் திரும்ப வந்தது. அடுத்த தைக்குள் நாயுடுவின் மனைவி போய்விட்டார். இழவு வீட்டு வாசலில்தான் ஆபீசுக்கு விஷயம் தெரிந்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஹெட் கிளார்க் என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மகளுக்குச் சோமனூரில் மாப்பிள்ளை பார்த்து, உள்ளதைச் சொல்லி, முன்னால் நின்று கல்யாணம் முடித்து வைத்தவரும் அவர்தான்.

நாயுடு அதற்குப் பிறகு யாருக்கும் கடிதம் எழுதவில்லை. எந்த வீட்டைப் பார்த்தும் வாடகை கேட்கவில்லை. கோத்தகிரியைப் பற்றி மட்டும், என்னிடம் மட்டும், பேசுவார். வருஷம் போகப் போக அந்தக் கதை நீண்டது. கேட் வரை நடந்த அம்மாள், அப்புறம் ஒரு வருஷம் ரோட்டு வளைவு வரை போனார். பிறகு தேயிலை ஃபேக்டரி வரை போனார். தோசை நாலாயிற்று.

அறுபதுகளின் கடைசியில், ரிட்டயராகி மகள் வீட்டில் இருந்தவரைப் பார்க்கச் சோமனூர் போனேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி ஆரம்பித்தார்.

"அன்னிக்குக் காலையில அம்மணி நடந்தா பாரு கண்ணு, கோடநாட்டு முனை வரைக்கும்."

கோத்தகிரியிலிருந்து கோடநாடு பத்து மைலுக்கு மேல்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துட்டாங்களாங்க?" என்று கேட்டேன்.

"வந்துட்டா. துளிக்கூடக் களைப்பில்ல."

"இருக்காதுங்க" என்றேன். "அந்தக் காத்து அப்படிங்க."