சுண்டுவிரல் அளவு காலி

தண்ணீரைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டவர்கள் தாடி வளர்ந்துதான் வீடு திரும்புவார்கள். எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க அவருக்கு 'சுண்டுவிரல்' என்று பெயர். சொந்தப் பெயரை நான் சொல்லமாட்டேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஓடையை வேலிக்கு வெளியே விட்டுவிட்டார்கள். மலை ஊற்றிலிருந்து தொடைப் பருமன் குழாய் ஒன்றில் தினமும் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். மேலே மடைப்பலகையைத் திறப்பது சுண்டுவிரலின் வேலை. குழாயை ஒருநாளும் நிரம்ப விடமாட்டார். உச்சியில் சுண்டுவிரல் அளவு காலியாக இருக்க வேண்டும். தானா ராத்தா டவுன் கடையில் தேநீர் தளும்ப வந்தாலும் திருப்பி அனுப்புவார். கடைக்காரருக்கு அப்படியொரு வாடிக்கையாளர் வேறு கிடைத்ததில்லை.

ஒருநாள் தண்ணீர் அளக்கக் கோடு போட்ட மூங்கில் குச்சியோடு போனவரை வேலிக் கேட்டில் போலீஸ்காரர் நிறுத்தினார். குச்சி எதற்கென்று இவர் விளக்க ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் போலீஸ்காரரே கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

இந்தச் சுண்டுவிரலுக்குத்தான் என்னைக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முதல்நாள், சமையலுக்கு டிரம் நிரப்பும்போதும் குழாயில் அதே காலி. அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"கல்யாணத் தண்ணியிலயே கஞ்சத்தனமா, தம்பி? முழுசாத் திறங்க."

"முழுசா வந்தா கம்மியாத்தான் விழும், மாமா. தண்ணி குழாயச் சுத்திவர உரசுது. மேல கொஞ்சம் விட்டா அந்தப் பக்கம் உரசல் இல்லலா."

லயமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

"எண்ணிப் பாத்துருவோம். நீங்க தோத்தா பொண்ணு கிடையாது."

"சரி" என்றுவிட்டார் இவர். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?

ஒரு டிரம் நிரம்பும்வரை எண்ண வேண்டும். ஒரு பக்கத்து ஆள் எண்ணினால் மறுபக்கம் நம்பாது. மூன்றாம் வகுப்பு படித்தவள் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். சத்தமாகப் பேசியே அறியாத நான், லயமே பார்க்க எண்ணினேன்.

குழாய் முழுசாக ஓடியபோது முப்பது. சுண்டுவிரல் விட்டு ஓடியபோது இருபத்தெட்டிலேயே டிரம் வழிந்தது.

அப்பா டிரம்மைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். பிறகு, "பந்தல் வேல கெடக்கு, போங்க" என்றார்.

மறுநாள் தாலி கட்டும்போதும், கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார்.

அவரிடம் நான் கடைசிவரை சொல்லாதது ஒன்று உண்டு. இரண்டாம் டிரம்மை மெதுவாக எண்ணத்தான் நினைத்திருந்தேன். தேவைப்படவில்லை.