உங்கள் மகள் ஓ.எல். எடுக்கப்போகிறாள்

பெருமதிப்புக்குரிய மாமிக்கு,

கிளிநொச்சியிலிருந்து மருமகன் தயாபரன் பணிவுடன் எழுதுவது. வற்றாப்பளை அம்மன் கிருபையில் நாங்களும் பிள்ளைகளும் மாடும் சுகம். ஓமந்தையில் உங்கள் முழங்கால் சுகமா?

மாமி, உங்கள் மகளைக் கும்பிடுவதா, அவளுக்குப் பயப்படுவதா என்று தெரியாமல் இருக்கிறேன். நாள் முழுக்கத் தையல் ஆலையில் நின்றுவிட்டு வந்து, பள்ளியில் விட்ட படிப்பை முடித்து ஓ.எல். சோதனை எடுக்கப்போகிறேன் என்று கௌசலா மேசை போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி அக்காவோ, "படிக்கிற ஆக்களுக்கு அரசாங்கத்தின்ர நலன்புரிக் காசை வெட்டிப்போடுவினமாம்" என்றார். பிள்ளைகளின் பால்மாவும் பள்ளிக்கூடக் கொப்பியும் அந்தக் காசில்தான். வீடு பார்க்க உத்தியோகத்தர் வருகிற அன்று, வசதி தெரியக்கூடாதென்ற ஊர் வழக்கப்படி, எங்கள் டிவியையும் ஃபானையும் அக்கா வீட்டுக்குக் கடத்தினேன். கூடவே மேசையையும் புத்தகங்களையும். அக்காவும் அதே காசுக்கு விண்ணப்பித்தவர் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம். வந்த உத்தியோகத்தர் மிஸ் நேரே அங்கேதான் போனார்.

"ரெண்டு டிவி ஆருக்கு அக்கா?"

"ஒண்டு நாடகத்துக்கு, மற்றது செய்திக்கு, மிஸ்."

"இந்தக் கணக்குப் புத்தகம்?"

அக்கா வேலிக்கு மேலால் என்னைக் கை காட்டினார். நான் ஓடிப்போய், "எங்கட வீட்டில ஒருத்தரும் படிக்கிறேல்லை மிஸ். பிள்ளையளும் பள்ளிக்கூடத்துக்குச் சும்மா போய்வாறவைதான்" என்றேன். திரும்பினால், வேலை முடிந்து வந்த கௌசலா நிற்கிறாள்.

"புத்தகம் என்ர, மிஸ். டிவியும் எங்கட. படிச்சாக் காசை வெட்டுவியள் எண்டால், அந்தச் சட்டத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ."

மிஸ் சிரித்துவிட்டார். "அப்பிடி ஒரு சட்டமும் இல்லைத் தங்கச்சி. வருமானத்தையும் வீட்டையும்தான் பாக்கிறம். படிக்கிறது குற்றமில்லை, ஒளிக்கிறதுதான் குற்றம்" என்று என்னைப் பார்த்தார். பழைய டிவிக்காக ஒருவரின் காசும் நிற்காதாம். நான் டிவியைத் தூக்க, மிஸ்ஸே புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார் மாமி!

இப்போது பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து அவள் கணக்குச் செய்கிறாள். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்குகிறது. இந்த மனுசிக்கு நான் புருசனா என்று ஆச்சரியமாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் வகுப்பு. பிள்ளைகளை நானே பார்த்துக்கொள்வேன். நீங்கள் பஸ் ஏறி அலையவே வேண்டாம்.

உங்கள் ஆசி அவளின் பேனைக்கும் என் சமையலுக்கும் கிடைக்கட்டும்.

பணிவுள்ள மருமகன்,
தயாபரன்

பி.கு.: இந்த நிமிடம் வந்து சொல்கிறாள்: "இஞ்சருங்கோ, உங்கட பேரையும் வகுப்புக்குக் குடுத்திட்டன்." மாமி, வெள்ளிக்கிழமையே பஸ் ஏறுங்கள்.