மூக்கு செத்துப்போனவனின் ஆங்கிலம்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் உடல் நலத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க வேண்டும். இங்கு நானும் உன் அக்காவும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். முறை முடிந்தது, இனி உண்மைக்கு வருகிறேன்.

என் மூக்கு செத்துப்போய்விட்டது. குளிர்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்ததே, அது போகும்போது வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தா வரும், வரலேன்னா பழகிக்கணும்" என்றார். அடுத்தவன் மூக்கு என்றால் யாருக்கும் அப்படித்தான் பேச வரும். நான் ஒரு தையல்காரனாகவோ கணக்குப்பிள்ளையாகவோ இருந்திருந்தால் நானும் பழகிக்கொண்டிருப்பேன். சோப்புத் தொழிற்சாலையில், அச்சிலிருந்து வரும் கட்டியை முகர்ந்து பார்த்து, வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அனுப்புவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை என்பது உனக்குத் தெரியும். வாயிற்காவலர் முதல் மேனேஜர் வரை அத்தனை பேரும் என்னை 'மூக்கு சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். மூக்கு உயிரோடு இருந்தவரை எனக்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படவில்லை. நன்றாக இருந்தால் 'குட்', ரொம்ப நன்றாக இருந்தால் 'வெரி குட்', அவ்வளவுதான் என் இலக்கியம். மூக்கு போன பிறகுதான் அதன் வேலையையும் சேர்த்து ஆங்கிலம் பார்க்க வேண்டியதாயிற்று.

அதனால்தான், 'என் ஆங்கிலத்தைக் கொஞ்சம் மெருகேற்றிக்கொள்ள ஆசை' என்று உனக்கு எழுதினேன். நீ ஆங்கில வாத்தியார், கேட்க வேண்டுமா? பக்கம் பக்கமாகப் பதில் போட்டாய். 'நைஸ்', 'பியூட்டிஃபுல்' எல்லாம் எதையும் முகர வைக்காது என்றாய். ஒரு பொருளுக்கு ஒரே அடைமொழி, அது படிப்பவரின் மூக்கிலோ நாக்கிலோ விரல் நுனியிலோ போய் உட்கார வேண்டும் என்றாய். மணத்துக்குச் சொல் அகப்படாவிட்டால் தொடு உணர்விலிருந்து இரவல் வாங்கலாம் என்றாய். கடைசியில், உணர்ந்ததை மட்டும் எழுதுங்கள் அத்தான் என்றாய். அந்தக் கடைசி வரியை மட்டும் வசதியாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சிரமேற்கொண்டேன். எலுமிச்சை சோப்புக்கு முதலில் நாலைந்து அடைமொழிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, உன் கண்டிப்பை நினைத்து மற்றதையெல்லாம் அடித்து 'க்ரிஸ்ப்' என்பதை மட்டும் விட்டுவைத்தேன். வெளிநாட்டிலிருந்து எங்களிடம் சோப்பு வாங்கும் கொள்முதல் அம்மாள் ஒருவர், படித்ததும் வாயில் எச்சில் ஊறிவிட்டது என்று பதில் எழுதினார். மேனேஜர் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்கப் படித்தார். அல்லி சோப்புக்கு 'கூல்' என்றேன், கை தட்டினார்கள். மூக்கு இருந்த காலத்தில் ஒரு நாயும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை அப்பா.

பிறகுதான் குழந்தை சோப்பு வந்தது. யாரோ பழைய கொழுப்பை எங்கள் தலையில் கட்டிவிட, அதில் செய்த சோப்பு மொத்தமும் காறிப்போய் வாடை அடித்தது. இது எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அன்று என் மேசைக்கு வந்தது வெள்ளை வெளேரென்று ஒரு கட்டி. அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்ததால் கைக்கு இளஞ்சூடாக இருந்தது. நீ சொன்னபடியே தொடு உணர்விலிருந்து இரவல் வாங்கி, 'வார்ம்' என்று எழுதிவிட்டேன். பரிசோதனைக் கூடத்து அம்மா பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், ஒரு மாதிரி அடிக்குதே?" என்றார். எழுதிய காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அதும்மா, அதுக்குப் பேருதான் வார்ம்" என்றேன். அந்தம்மா மறுபடி முகர்ந்து, "ஓ, இதைத்தான் வார்ம்ங்கறாங்களா? நான் பயந்தே போயிட்டேன்" என்றார். மேனேஜர் வந்தார், காகிதத்தைப் படித்தார், கட்டியை முகர்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாய்யா, அம்மா மடியில படுத்த மாதிரி இருக்கு!" என்றார். சாயங்காலத்துக்குள் பெட்டி கட்டும் பிரிவு முழுக்க அந்தக் காறல் எண்ணெய் வாடை வார்மாகிவிட்டது. நல்ல அடைமொழி என்ன செய்யும் என்று நீ வகுப்பில் சொல்லித் தருகிறாய். நான் கண்ணால் பார்த்தேன், சுற்றியிருந்த அத்தனை மூக்குகளையும் அது வேலையை விட்டே நிறுத்திவிட்டது.

அந்தக் கொள்முதல் அம்மாள் 'வார்ம்' என்பதை உறையிலேயே பெரிதாக அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பினார். அந்த ஊர்த் தாய்மார்களோ உறையைப் பிரித்து எறிந்துவிட்டு சோப்பை முகர்ந்திருக்கிறார்கள். பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துவிட்டது. ஏதோ, எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், அந்த அம்மாள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. கப்பலில் கெட்டுப்போயிருக்கும், அப்படி எழுதுகிறவர் பொய் எழுதமாட்டார் என்று அடித்துச் சொல்கிறாராம். வருகிற திங்கட்கிழமை நேரில் வருகிறார். புதிய குழந்தை சோப்புகளை என் முன்னால் பரப்பி வைப்பாராம், நான் ஒவ்வொன்றாக முகர்ந்து அவர் கண்ணெதிரே எழுத வேண்டுமாம். குட்டு வெளிப்பட்டால் அன்றோடு வேலை போயிற்று. மேனேஜர் எனக்குப் புதுச் சட்டை வேறு வாங்கித் தந்திருக்கிறார்.

உன் அக்காவிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் மறுபேச்சு இல்லாமல் வேலையை விடு என்பாள். விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நான் யார்? பேரே மூக்கு என்று ஆகிப்போனவன், அதுவும் இல்லாமல் வெறுமனே எப்படி உட்காருவேன்? அதனால் எதை வைத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறேன். முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, தாளிப்பு கருகிடுச்சா?" என்று சண்டைக்கு நின்றவன். நான் திருந்திவிட்டேன் என்று அவள் நினைத்திருப்பாள். உண்மையைச் சொல்லட்டுமா? அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. போன வாரம் அவள் கழற்றிப் போட்ட சால்வையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வெறும் துணி. அந்த வாசனை நினைவிலிருந்தும் போய்விடுவதற்குள் ஒரு சொல்லிலாவது பிடித்து வைக்கலாம் என்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 'சாஃப்ட்' என்று எழுதினேன், அது துண்டுக்குப் பொருந்தும். 'ஸ்வீட்' என்று எழுதினேன், அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். ஊரில் உள்ள சோப்புக்கெல்லாம் சொல் கிடைக்கிறது, இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அழுதுகூட விட்டேன்.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். திங்கட்கிழமைக்குள், எந்தக் குழந்தை சோப்புக்கும் பொருந்துகிற மாதிரி, ஒருவரும் குறை சொல்ல முடியாத மாதிரி, ஓர் அடைமொழி அனுப்பு. எதற்கும் பொருந்துகிற சொல் எதற்கும் உதவாது அத்தான் என்று நீ சொல்வாய், தெரியும். அந்தப் பாடத்தைச் செவ்வாய்க்கிழமை படித்துக்கொள்கிறேன். உன் அக்கா காதில் மட்டும் இது விழவே கூடாது. உன் மனைவிக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் வாய்க்கு ருசியாகவும், அதைவிட முக்கியமாக மூக்குக்கு மணமாகவும் நெடுநாள் சாப்பிட்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தான்.

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுவது. உறை ஒட்டாமல் மேசைமேல் கிடந்தது, எடுத்துப் படித்துவிட்டேன். நீ சொல் எதுவும் தேடி அனுப்ப வேண்டாம். திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன், அந்த அம்மாளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். காய்ச்சல் விட்ட வாரமே எனக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் காலையில் பாலை வேண்டுமென்றே அடிப்பிடிக்க விட்டுத்தான் அவருக்குக் காபி போடுகிறேன். என்றைக்காவது, "என்னடி இது, தீய்ஞ்ச வாடை?" என்று கத்தினால் மூக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா? இன்றைக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.