வேண்டாம், வேண்டாம் என்று ஓடிய மலை ஓட்டம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை "வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். பசித்தாலும் சொல்வேன், தொண்டை காய்ந்தாலும் சொல்வேன். இரண்டாவது தடவை கேட்டால் வாங்கிக்கொள்வேன். முதல் தடவையே கையை நீட்டினால் அலைந்தவள், இரண்டாவது தடவையும் மறுத்தால் திமிர் பிடித்தவள் என்று அம்மா சொல்லி வளர்த்துவிட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்னச் சந்தில்தான் அறுபத்தாறு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். (பெண் பார்க்க வந்தபோது "பையனைப் பிடிச்சிருக்காம்மா?" என்று மாமியார் கேட்டதற்குக்கூட இல்லை என்று தலையாட்டினேன். அவர் விவரமானவர். இன்னொரு தடவை கேட்டார். கேட்காமல் எழுந்து போயிருந்தால் என் மகன் பிறந்திருக்கமாட்டான்.)

வீட்டுக்குள் இந்தப் பழக்கத்தால் பெரிய சேதம் எதுவும் இல்லை. இருபத்தோரு கிலோமீட்டர் மலை ஓட்டத்தில்தான் அது என் மானத்தை வாங்கியது.

ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவியே ஓய்வு பெற்றவள், ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பவள், மலை ஓட்டத்துக்கு எப்படிப் போனேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் செல்வி. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். சிங்கப்பூரில், பிடோக்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இருக்கும் செல்வி துணைக்கு வந்தாள். அவளுக்கு லிட்டில் இந்தியாவில் பூக்கடை. காலையில் கடை திறக்க வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரி பறப்பாள்.

"இப்படி நடந்தா எனக்கு நேரமாகுது அக்கா. ஓடிட்டுப் போயிடலாம்" என்றாள் ஒருநாள்.

இவ்வளவுதான். என் ஓட்ட வாழ்க்கை ஆரம்பித்தது செல்வியின் மல்லிகைப்பூ வாடிவிடுமே என்றுதான்.

மூன்றாவது ஆள் ரொஹானா. பக்கத்து புளோக். செம்பவாங்கில் கப்பல் பட்டறைக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களோடு வளர்ந்த மலாய்க்காரி. என் மகனைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள், என் மகனைவிட நன்றாகத் தமிழில் திட்டவும் செய்வாள். இரண்டு வருடத்தில் மூன்று பேரும் ஐந்து, பத்து என்று கூட்டிக்கொண்டே போனோம். பிறகு ரொஹானாவுக்கு முழு மாரத்தான் ஆசை வந்தது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜனவரியில் அவள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் மகளோடு போய்விடப்போகிறாள். இனிமேல் அங்கேதான். "போறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் சேர்ந்து ஒரு தடவை நாப்பத்திரண்டு ஓடிரணும் மீனாட்சி. அப்புறம் நான் அங்க போய் ஆட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்துக்குவேன்" என்றாள்.

டிசம்பர் மாரத்தானுக்கு இடம் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு வழி இருந்தது. மாரத்தான் நடத்தும் அதே ஆட்கள் முன்கூட்டி ஒரு மலை ஓட்டம் வைத்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட மூன்று பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மூன்று பேருமே மூன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்தால், அந்தக் குழுவுக்கு டிசம்பரில் இடம் உண்டு. ஒருத்தி கோட்டைவிட்டாலும் மூன்று பேருக்கும் இல்லை.

அந்த ஒருத்தி யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மலைக்குப் பழக பிடோக்கில் மலை ஏது? அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சாய்வுப் பாதையில் விடியற்காலை ஏறி இறங்கினோம். ஏழு மாடி. மேலே போய் மூச்சு வாங்கிவிட்டுக் கீழே வருவோம். கார் எடுக்க வந்தவர்கள் எங்களுக்கு ஹார்ன் அடிப்பார்கள். நான் ஒவ்வொரு காருக்கும் ஓரமாக நின்று மன்னிப்புக் கேட்பேன். செல்வி அவர்களைப் பார்த்து, "மெதுவா போங்க, இங்க ஆள் ஓடுறோம்ல" என்பாள். தண்ணீர் நாங்களே போத்தலில் எடுத்துப் போவோம். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் என் வியாதி கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

ஓட்ட நாள் வந்தது. மருமகள் மலர் வாங்கித் தந்த கால்சட்டை, முழங்கால்வரை தொங்கும் சட்டை, நெற்றியில் பொட்டு, கொண்டையில் செல்வி செருகிய ஒரு துண்டு மல்லிகை. நெஞ்சில் நம்பர் அட்டை. "போத்தல் வேணாம்க்கா, வெயிட்டு. வழியெல்லாம் தண்ணி குடுப்பாங்க" என்று செல்வி என் போத்தலைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அவர்கள் இருவரும் என்னைவிட வேகம். கடைசிக் குன்றின் அடியில் எனக்காகக் காத்திருப்பது, மூன்று பேரும் கைகோத்து முடிவுக் கோட்டைத் தாண்டுவது என்று பேசிக்கொண்டோம். ஃபேபர் மலை ஏற்றத்தில் அவர்கள் முதுகு மறைந்தது. நான் என் பாட்டுக்குக் கார் நிறுத்துமிடத்தை நினைத்துக்கொண்டு ஏறினேன்.

முதல் தண்ணீர் மேசை வந்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் குவளையை நீட்டி, "வாட்டர், ஆண்ட்டி?" என்றான்.

"நோ நோ, தேங்க் யூ" என்று சிரித்தேன். இரண்டாவது கேள்விக்காக வேகத்தைக் குறைத்தேன். அவன் எனக்குப் பின்னால் வந்தவருக்குக் குவளையை நீட்டிவிட்டான்.

சரி, சின்னப் பையன், வளர்ப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மேசையில் ஒரு பெண். ஏதோ எலுமிச்சை நிறத்தில் சர்க்கரைத் தண்ணீர். "நோ நோ" என்றேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். அவள் கையசைத்து, "குட் ஜாப், ஆண்ட்டி" என்றாள். குட் ஜாப் தாகத்தைத் தீர்க்குமா?

மூன்றாவது மேசையில் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். அதையும் மறுத்தேன். ஆனால் இந்தத் தடவை நகரவில்லை. மேசைக்கு எதிரே நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு காத்திருந்தேன். பழத்தைப் பார்த்தேன், பையனைப் பார்த்தேன், மறுபடி பழத்தைப் பார்த்தேன். அவன் பயந்துபோய், "ஆண்ட்டி, யூ லாஸ்ட் ஆ?" என்றான். வழி தெரியாமல் நிற்கிறேனாம். போகும் திசையை அக்கறையாகக் கைகாட்டினான். போனேன்.

நீங்களே எடுத்துக் குடித்திருக்கலாமே என்பீர்கள். கொடுக்காததை எடுப்பதா? அந்த அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. தண்ணீர் இல்லாமல் நான்கு குன்று ஏறினேன். நாக்கு கருவாடாகிவிட்டது. கொண்டையில் இருந்த மல்லிகைகூட என்னைவிடத் தெம்பாக இருந்தது.

பதினாறாவது கிலோமீட்டரில் நான்தான் கடைசி ஆள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். மெதுவாக ஓடினாலும் போதும், நேரம் இருந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பஸ் ஊர்ந்து வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் பஸ் அது. ஏறினால் ஓட்டம் முடிந்தது என்று அர்த்தம். அது என் பக்கத்தில் வந்து நின்றது. கதவு திறந்தது. குளுகுளுவென்று காற்று வந்தது.

"அம்மா, ஏறிக்கிறீங்களா?"

ஓட்டுநர் தமிழ். பட்டுக்கோட்டைப் பக்கம், பெயர் முருகேசன் என்று பிறகு தெரிந்தது.

"வேண்டாம் தம்பி" என்றேன். அன்றைக்கு அதுவரை நான் உண்மையாகவே சொன்ன வேண்டாம் அது ஒன்றுதான்.

வாட்டர் மேசைப் பிள்ளைகள் என் வேண்டாமை நம்பினார்கள். முருகேசன் நம்புவாரா? அவரும் ஒரு அம்மா பெற்ற பிள்ளை. எங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் சொல்லும் வேண்டாமுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்.

"அட, கூச்சப்படாம வாங்கம்மா. தண்ணி இருக்கு. ஏசி போட்டிருக்கு. வாங்க" என்றார்.

இரண்டாவது தடவை.

காலையிலிருந்து நான் காத்திருந்த இரண்டாவது தடவை. என் மூளை ரொஹானாவைப் பற்றி யோசிப்பதற்குள் என் கால் படி ஏறிவிட்டது. அறுபத்தாறு வருடப் பழக்கம். யாரோ பின்னாலிருந்து தள்ளியது மாதிரி இருந்தது. (அம்மாவாகத்தான் இருக்கும்.)

உட்கார்ந்ததும் முருகேசன் போத்தலை நீட்டினார். மறுத்தேன். உடனே மறுபடி நீட்டினார். என்ன அருமையான மனிதர். இரண்டு போத்தல் குடித்தேன். அப்போது பஸ்ஸில் இருந்த ஒரு சின்னப் பெண், கையில் தடித்த கறுப்புப் பேனாவோடு வந்து, "ஆண்ட்டி, கேன் ஐ?" என்றாள். எதற்கென்று புரியாமலே சரி என்று தலையாட்டினேன். என் நெஞ்சில் இருந்த நம்பரின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

பெருக்கல் குறியைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

அதற்குள் பஸ் கடைசிக் குன்றின் அடிக்கு வந்துவிட்டது. சாலை ஓரத்தில் ரொஹானாவும் செல்வியும் நின்றிருந்தார்கள். பேசிக்கொண்டபடி எனக்காகக் காத்திருந்தார்கள். ரொஹானா நான் வரவேண்டிய வளைவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், ஜன்னல் சீட்டில், ஏசியில், மூன்றாவது போத்தலோடு.

செல்விதான் முதலில் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. செல்விக்குச் சத்தம் வராத நாள் அது ஒன்றுதான்.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. முருகேசன் பிரேக் போட்டதில் போத்தல் உருண்டு ஓடியது. இறங்கி அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

ரொஹானா என் நெஞ்சில் இருந்த பெருக்கல் குறியைப் பார்த்தாள். "அப்போ டிசம்பர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என்னக்கா ஆச்சு? மயக்கமா? நெஞ்சு வலியா?" என்றாள் செல்வி.

"இல்ல."

"காலு பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் ஏறுன?"

பொய் சொல்ல ஒரு நல்ல வியாதியும் ஞாபகம் வரவில்லை. "அந்தத் தம்பி ரெண்டாவது தடவை கேட்டாரு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தண்ணீர் மேசைக் கதையையும் சொன்னேன், வாழைப்பழம் உட்பட. ரொஹானாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தொடப்போனேன். "அடிப்பாவி, அடிப்பாவி" என்று சொல்லிக்கொண்டே அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தாள். எங்களைக் கடந்து போக ஓட்டக்காரர் யாரும் மிச்சமில்லாததால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

செல்வி மட்டும் பஸ்ஸுக்குப் போய் முருகேசனோடு சண்டை போட்டாள். "வேணாம்னு சொன்னா விடமாட்டீங்களா? எந்த ஊரு நீங்க?" அவர் பாவம், "எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லும்க்கா, ரெண்டு தடவை கேட்டாத்தான் சாப்பிடும்" என்றார். சண்டை முடிந்து வரும்போது அவருடைய கைபேசி எண்ணை வாங்கி வந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "மறுபடி திட்டணும்னா தேவைப்படும்ல" என்றாள்.

குழுக் கணக்கு போய்விட்டது. ஆனாலும் மூன்று பேரும் அந்தக் குன்றை ஏறினோம். கைகோத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினோம். அங்கே ஒரு பெண் பதக்கங்களோடு நின்றிருந்தாள். வியர்வையைத்தான் பார்த்தாள், பெருக்கல் குறியைப் பார்க்கவில்லை. எனக்கும் ஒன்றை நீட்டினாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

"ஆண்ட்டி, டேக் லா. யூ ஃபினிஷ் வாட்." ஓடி முடித்துவிட்டேனாம், எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

இரண்டாவது தடவை. என் கை தானாக எழுந்தது. ரொஹானாவைப் பார்த்தேன். கையைக் கீழே இறக்கினேன்.

"வேண்டாம்" என்றேன்.

என் ஆயுளில் இரண்டாவது தடவையும் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

செல்வி காதருகே குனிந்து, "இதைப் பஸ்ல சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள்.

டிசம்பரில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைப் பூங்காவில், நாங்களாகவே போய் வந்து போய் வந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்தோம். கோடு இல்லை, பதக்கம் இல்லை. செல்வி மூன்று மாலை கட்டி வைத்திருந்தாள். தண்ணீர் மேசைக்குப் பதில் ஒரு பெஞ்சு. அதில் விடுமுறை நாளை விட்டுவிட்டு வந்த முருகேசன். (திட்டுவதற்கு வாங்கிய எண் அதற்குத்தான் பயன்பட்டது.) நான் ஒவ்வொரு தடவை வரும்போதும், "தண்ணி வேணுமாம்மா, தண்ணி வேணுமாம்மா" என்று மூச்சு விடாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போத்தலை நீட்டுவார்.

வீட்டில் இப்போது எல்லாமே அப்படித்தான். மலர் காப்பியைக் கொண்டுவந்து, "அத்தை, இது ரெண்டாவது தடவை" என்று சொல்லியே வைக்கிறாள். முதல் தடவை என்று ஒன்று எங்கள் வீட்டில் ஒழிந்துபோனது.

ஜனவரியில் ரொஹானாவை வழியனுப்ப சாங்கி விமான நிலையத்துக்குப் போனோம். கட்டிப்பிடித்துக்கொண்டு, "பெர்த்துக்கு வர்றியா மீனாட்சி? அங்கயும் மலை இருக்கு, ஓடலாம்" என்றாள்.

வாய் முந்திக்கொண்டது. "வேண்டாம், வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி கேட்கவே இல்லை. கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்று அவள் வரிசையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வாட்டர் மேசைகளையும் சேர்த்துத் தாண்டிவிட்டது போல் இருந்தது.

கைபேசி அதிர்ந்தது. தமிழ் எழுதத் தெரியாததால் குரலில் அனுப்பியிருந்தாள். "அடியே, இது ரெண்டாவது தடவை."

டிக்கெட் எடுத்தாயிற்று. விமானத்தில் வரிசையாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வருவார்களாம், ஒரு தடவைதான் கேட்பார்களாம். மலர் ஒரு அட்டையில் தடித்த கறுப்புப் பேனாவால் 'வேண்டும்' என்று எழுதி என் கைப்பையில் வைத்திருக்கிறாள்.