ஒன்று எங்கே?

“வீட்டுல எத்தனை பிள்ளைங்க?”

“நாலு!” என்றாள் சிறுமி மென்.

“எண்ணிக் காட்டு.”

“ரெண்டு நானு. மூணு தம்பி. நாலு பாப்பா.”

தியெப் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். மெகாங் கரையில் தலைப்பிள்ளையை ‘ரெண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்ததைத் தூக்கிப்போக வரும் பேய், எது மூத்தது என்று தெரியாமல் ஏமாந்து போகுமாம். பேய் ஏமாந்ததோ இல்லையோ, பாலர் வகுப்பு முழுக்க ஏமாந்து கிடந்தது. வடக்கே துறைமுக நகரமான ஹாய்ஃபோங்கிலிருந்து வந்தவளுக்கு இது புதுத் தலைவலி. அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெற்றோரிடமிருந்து ஒரு புகார் போனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“ஒன்னு இல்லாம ரெண்டு வராதுடா கண்ணு. ஒன்னு எங்கேன்னு வீட்டுல கேட்டுட்டு வா.”

மறுநாள் காலையில் மென்னின் அம்மா புயலாக வந்தாள். பின்னால் அவள் புருஷன் லுவொம், அன்னாசி விற்கும் படகைக் கட்டிவிட்டு வந்த ஈரக்காலோடு.

“‘எனக்கு முன்னாடி ஒன்னு யாருப்பா’ன்னு பிள்ளை கேட்டுச்சு. இந்த மனுசன் கையில இருந்த சோத்துக் கிண்ணம் கீழ விழுந்துச்சு! கல்யாணத்துக்கு முந்தி வடக்க உங்க ஊர்த் துறைமுகத்துல மூட்டை தூக்கின ஆளு. என்ன கூத்தடிச்சாரோ! உங்களுக்குத் தெரிஞ்சதை மறைக்காம சொல்லுங்க டீச்சர்.”

“கிண்ணம் சுட்டுச்சுடி,” என்றான் லுவொம்.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க! ஒன்னுன்னு ஒருத்தன் இருந்தாத்தானே கணக்கு சரியா வரும்னு...”

“ஒருத்தனா? அப்ப பையனா?”

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மேசையில் அவசரமாக மூன்று லோங்கன் பழங்களை அடுக்கினாள்.

“இதோ பாருங்க, இது ஒன்னு...”

“அந்தப் பழத்துக்கு அம்மா யாரு? அதைச் சொல்லுங்க!”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். தலைமையாசிரியை விஷயத்தைக் கேட்டுவிட்டு, மென்னைக் கூப்பிட்டுப் பழங்களை எண்ணச் சொன்னார்.

“ஒன்னு, ரெண்டு, மூணு.”

“ஒன்னும் ரெண்டும் சேர்ந்தா?”

“மூணு!”

“பார்த்தியாம்மா? எங்க வீட்டுல நானும் ரெண்டுதான். எனக்கு முன்னாடி யாரு இருந்தா? பேய்க்குச் சொன்ன பொய்யை நீயே நம்பினா எப்படி? டீச்சர் ஒழுங்காத்தான் சொல்லித் தர்றாங்க.”

மென்னின் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். “கிண்ணம் சுட்டிருக்கும்,” என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினாள். தலைமையாசிரியையும் போய்விட்டார். டீச்சருக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

லுவொம் மட்டும் நகரவில்லை. மனைவி தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“நாலுதான் டீச்சர் சரி. ‘ஒருத்தன்’னு சரியாச் சொன்னீங்களே, உங்க ஊரு ஹாய்ஃபோங்ல என் பெரியவன் நல்லா இருக்கானா?”